வீட்டிலிருந்தே அமெரிக்க ஹைஸ்கூல் டிப்ளோமா: பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

சிங்கப்பூரில் நம்மவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு விளம்பரம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. "பள்ளிக்குப் போகாமல், ஓ லெவல் எழுதாமல், ஒரே வருடத்தில் அமெரிக்க ஹைஸ்கூல் டிப்ளோமா." ஓ லெவல் என்பது இங்கே உயர்நிலைப் பள்ளி முடிவில் எழுதும் தேர்வு. அந்த விளம்பரத்தை நம்பியதில் எங்களுக்குப் போனது 6,400 வெள்ளி. மகளுக்குப் போனது ஒரு வருடத்துக்கும் மேல்.

உயர்நிலை மூன்றில் உடல்நிலை காரணமாக மகள் பள்ளியை விட்டு நின்றாள். திரும்பப் போகும் நிலையில் இல்லை, ஆனால் படிப்பை விடவும் மனமில்லை. அந்த நேரத்தில்தான் தேக்கா பக்கம் இருந்த அந்த அலுவலகத்துக்குப் போனோம். நடத்துபவர் தமிழர், நல்ல பேச்சுக்காரர். "அக்கா, இது அக்ரெடிட்டட் ஸ்கூல். கலிஃபோர்னியா கவர்மெண்ட்ல ரிஜிஸ்டர் ஆனது. நம்ம எம்ஓஇ-க்கும் தெரியும். டிப்ளோமா கையில வந்தா என்யுஎஸ் வரைக்கும் போகலாம்" என்றார். அக்ரெடிட்டட் என்றால் அங்கீகாரம் பெற்றது, எம்ஓஇ என்பது கல்வி அமைச்சு, என்யுஎஸ் என்பது சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம். சுவரில் பட்டமளிப்பு அங்கியோடு சிரிக்கும் பிள்ளைகளின் படங்கள் வேறு.

படிப்பு என்று வந்தது ஒரு லாகின், கொஞ்சம் பிடிஎஃப், ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் சின்னத் தேர்வு. தவறினால் திரும்ப எழுதலாம், எத்தனை முறை வேண்டுமானாலும், அதே கேள்விகளோடு. கட்டுரை எழுதி அனுப்பினால் "சிறப்பான முயற்சி!" என்று ஒரே மாதிரி பதில் வரும். ஒருமுறை மகள் வேண்டுமென்றே வரலாற்றுக் கட்டுரைக்குப் பதில் கேசரி செய்முறையை அனுப்பினாள். அதுவும் சிறப்பான முயற்சிதான். கேட்டதற்கு, "அமெரிக்கால இப்படித்தான் அக்கா, பிள்ளைங்கள டிஸ்கரேஜ் பண்ண மாட்டாங்க" என்றார் அவர்.

டிப்ளோமா வந்தது, முத்திரையோடு, கனமான தாளில். இங்குள்ள ஒரு தனியார் கல்லூரியில் டிப்ளோமா வகுப்புக்கு விண்ணப்பித்தோம். சேர்க்கைப் பிரிவில் இருந்த பெண்மணி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "இந்தப் பள்ளிக்கு அங்கீகாரம் கொடுத்தது யார்?" சான்றிதழில் இருந்த பெயரைச் சொன்னோம். கணினியில் தேடிப் பார்த்துவிட்டு, இப்படி ஓர் அமைப்பை எங்களால் ஏற்க முடியாது என்று சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்து அந்த அமைப்பின் தளத்தைத் திறந்தால், பள்ளியின் தளமும் அதுவும் ஒரே அச்சு. தொடர்பு எண்கூட ஒன்றே. பள்ளி தனக்குத் தானே சான்றிதழ் கொடுத்துக்கொண்டிருக்கிறது!

அதன் பிறகு அவர் சொன்ன ஒவ்வொன்றையும் எடுத்துத் துருவினேன். முதலில் இந்த "அக்ரெடிட்டட்". அமெரிக்க மத்தியக் கல்வித் துறை எந்தப் பள்ளிக்கும் அங்கீகாரம் வழங்குவதில்லை. அதைச் செய்வது தனி அமைப்புகள். காக்னியா (2019 வரை அட்வான்ஸ்எட் என்ற பெயரில் இருந்தது), மிடில் ஸ்டேட்ஸ், மேற்கு மாநிலங்களுக்கான டபிள்யூஏஎஸ்சி போன்றவை பல காலமாக இருப்பவை, கல்லூரிகளுக்குத் தெரிந்தவை. அவற்றின் தளத்திலேயே பள்ளியின் பெயரைப் போட்டுத் தேடலாம். பள்ளி அனுப்பும் லிங்க்கை அழுத்திப் பார்க்காதீர்கள். அமைப்பின் தளத்துக்கு நீங்களாகப் போய்த் தேடுங்கள். பெயர் மட்டுமல்ல, ஊரும் முகவரியும் பொருந்த வேண்டும், ஏனென்றால் நல்ல பள்ளியின் பெயரை ஒட்டியே பெயர் வைத்துக்கொள்பவர்களும் உண்டு.

அங்கீகார அமைப்பையே போலியாக உருவாக்குவது புதிய வித்தையும் இல்லை. 2015 மே மாதம், கராச்சியிலிருந்து இயங்கிய ஆக்ஸாக்ட் நிறுவனத்தைப் பற்றி நியூயார்க் டைம்ஸ் எழுதியது. குறைந்தது 370 தளங்கள். பள்ளி, பல்கலைக்கழகம் எனப் பெயர் வைத்தவையோடு அவற்றுக்குச் சான்றளிக்கும் போலி அமைப்புகளும் அதில் அடக்கம்.

"கலிஃபோர்னியா அரசில் பதிவு" என்றாரே, அது பொய்யில்லை. அதுதான் இதில் கெட்டிக்காரத்தனம். கலிஃபோர்னியாவில் தனியார் பள்ளி நடத்துகிறவர்கள் ஆண்டுதோறும் அக்டோபரில் கல்வித் துறைக்கு ஓர் உறுதிமொழிப் படிவம் தாக்கல் செய்ய வேண்டும். வீட்டிலேயே பிள்ளைக்குப் பாடம் சொல்லும் அம்மாக்கள்கூட அங்கே இதே படிவத்தை நிரப்புகிறார்கள். பாடம் எப்படி, ஆசிரியர் யார் என்று யாரும் வந்து பார்ப்பதில்லை. இது ஒப்புதல் ஆகாது என்று அந்தத் துறையே சொல்கிறது.

"எம்ஓஇ-க்குத் தெரியும்" என்பது வெறும் வாய்ச்சொல். 2003 முதல் இங்கே தொடக்கக் கல்வி கட்டாயம். அந்த வயதில் ஹோம்ஸ்கூல் செய்ய அமைச்சின் விதிவிலக்கு வேண்டும், தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இ எழுத வேண்டும். உயர்நிலை வயதுப் பிள்ளை வீட்டில் எந்த வெளிநாட்டுத் திட்டத்தில் படிக்கிறது என்பதற்கு அமைச்சு ஒப்புதல் முத்திரை குத்துவதில்லை.

என்யுஎஸ் விஷயத்துக்கு வந்தால், முறையான அமெரிக்கப் பள்ளியின் டிப்ளோமாவாகவே இருந்தாலும் அது மட்டும் போதாது. எஸ்ஏடி அல்லது ஏசிடி என்ற அமெரிக்க நுழைவுத் தேர்வின் மதிப்பெண்ணும், கல்லூரி நிலைப் பாடங்களுக்கான ஏபி தேர்வுகளும் கேட்கிறார்கள். ஏபி ஆண்டுக்கு ஒருமுறை, மே மாதத்தில்தான். "ஒரே வருடத்தில்" என்ற பேச்சு அங்கேயே அடிபட்டுப் போகிறது.

பணத்தைத் திரும்பக் கேட்டபோதுதான் ரசீதை ஒழுங்காகப் படித்தோம். ஒப்பந்தம் அமெரிக்காவில் உள்ள ஒரு கம்பெனியோடு. தேக்கா அலுவலகம் வெறும் "சேர்க்கை உதவி". இங்கே ஸ்கில்ஸ்ஃபியூச்சர் சிங்கப்பூர் என்ற அரசு அமைப்பின் கீழ் பதிவான தனியார் கல்வி நிலையம் என்றால் முறைப்படியான மாணவர் ஒப்பந்தம், மனம் மாறினால் விலகுவதற்குக் குறைந்தது 7 வேலை நாள் எல்லாம் இருக்கும். எங்களிடம் இருந்தது ஒரு பக்கத் தாள். "அக்கா, என் கையில ஒண்ணுமில்ல, ஸ்கூலுக்கு எழுதுங்க" என்றார், அதே நல்ல பேச்சுக்காரர். எழுதினோம். அதற்கும் எல்லாருக்கும் அனுப்பும் அதே பொதுவான பதில்தான்.

கேஸ் எனப்படும் பயனீட்டாளர் சங்கத்துக்குப் போனோம், பிறகு சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தில் அந்த அலுவலகத்தின் மீது மனுக் கொடுத்தோம். அங்கே வழக்கறிஞர் வைக்க முடியாது, 20,000 வெள்ளி வரை கேட்கலாம், கட்டணமும் அதிகமில்லை. சமரசத்தில் "சேர்க்கை உதவி"க்காக அவர் வாங்கிய 1,200 வெள்ளி திரும்பி வந்தது. மீதி அமெரிக்கக் கம்பெனியின் கணக்கில். அதைத் துரத்தும் தெம்பு எங்களுக்கு இல்லை.

ஹோம்ஸ்கூலே வேண்டாம் என்று சொல்லவில்லை. எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பம் காக்னியா பட்டியலில் உள்ள ஓர் இணையப் பள்ளியில் மகனைச் சேர்த்து, கூடவே ஏபி எழுத வைத்து நன்றாகவே கொண்டுபோகிறார்கள். ஆனால் அவர்கள் வரிசையைத் தலைகீழாக ஆரம்பித்தார்கள்: பிள்ளை அடுத்து எங்கே போகப் போகிறான் என்று முடிவு செய்து, அந்தக் கல்லூரியின் சேர்க்கைப் பிரிவுக்கே மின்னஞ்சல் போட்டு, பள்ளியின் பெயரைச் சொல்லி "இதை ஏற்பீர்களா?" என்று எழுத்தில் பதில் வாங்கிய பிறகுதான் பணம் கட்டினார்கள். ஆண் பிள்ளை என்பதால் கட்டாயமான தேசிய சேவையை (பெரும்பாலும் ராணுவப் பயிற்சி) தள்ளிவைப்பது பற்றி, அதைக் கவனிக்கும் சிஎம்பிபி அலுவலகத்திடமும் முன்கூட்டியே கேட்டுக்கொண்டார்கள். இணையப் படிப்பைச் சொல்லித் தள்ளிவைக்கலாம் என்று ஏஜென்ட் சொன்னால், அதை மட்டும் நம்ப வேண்டாம்.

மகள் இப்போது பள்ளியில் சேராமல் தனித்தேர்வராகத் தேர்வு எழுதத் தயாராகிறாள். அந்த வழியில் போக நினைப்பவர்களுக்கு இரண்டு தகவல்: 2027 முதல் ஓ லெவலுக்குப் பதில் எஸ்இசி என்ற புதிய சான்றிதழ் வருகிறது, ஆகவே பழைய வழிகாட்டிகளை வைத்துத் திட்டமிடாதீர்கள். அறிவியல் எடுப்பதானால் செய்முறைப் பயிற்சிக்கு எங்கே போவது என்று பதிவுக்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

இதே மாதிரி எதிலாவது ஏற்கனவே சேர்ந்துவிட்டவர்கள் அடுத்த தவணையைக் கட்டாதீர்கள். அங்கீகார அமைப்பின் பெயரை மின்னஞ்சலில் கேளுங்கள், போனில் வேண்டாம். ரசீது, விளம்பரப் படம், வாட்ஸ்அப் உரையாடல், குரல் பதிவு எதையும் அழிக்காதீர்கள்; எங்கள் 1,200 வெள்ளியை வாங்கித் தந்ததே அவர் அனுப்பிய ஒரு குரல் பதிவுதான். நடுவர் மன்றத்துக்கு இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும், அதற்கு மேல் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.