ஸ்னாப்சீட்: மீன்கொத்தியைக் கெடுத்ததும் யானையைக் காப்பாற்றியதும்

காட்டுயிர்ப் படம் எடுக்கிறவர்களுக்கு, படங்களைத் திருத்த உதவும் கூகுளின் ஸ்னாப்சீட் ஆப்பைத் தயங்காமல் சொல்வேன். அதில் இருக்கிற எஃபெக்ட்டுகளுக்காக இல்லை, ஒரு எஃபெக்ட் படத்தில் எங்கே விழலாம், எங்கே விழக்கூடாது என்பதை நம் விரலுக்கே விட்டுவிடுகிறதே, அதற்காக. போனிலேயே வேலை முடிகிறது, காசு கிடையாது, டிஎன்ஜி வகை ரா ஃபைலையும், அதாவது கேமரா பதிவு செய்த சுருக்காத மூலப் படத்தையும், திறக்கிறது.

முதலில் ஒரு மீன்கொத்திப் படத்தில் டிராமா, கிரன்ஜ், ஹெச்டிஆர் ஸ்கேப் என்று அதன் எஃபெக்ட்டுகளை வரிசையாகப் போட்டுப் பார்த்தேன். மங்கலாக, அழகாக இருந்த பச்சைப் பின்னணியில் மணல் தூவியது போல நாய்ஸ், அதாவது புள்ளி புள்ளியான இரைச்சல், கிளம்பியது, வானத்தை ஒட்டிய அலகைச் சுற்றி ஒரு வெள்ளை வளையம் வந்து உட்கார்ந்தது. கான்ட்ராஸ்ட்டை இவ்வளவு ஏற்றினால் எந்த ஆப்பிலும் இதுதான் நடக்கும், அதுவும் அதிக ஐஎஸ்ஓவில் (கேமராவின் ஒளி உணர்திறனைக் கூட்டி) எடுத்த படமென்றால் கேட்கவே வேண்டாம். சாச்சுரேஷனை, அதாவது நிறங்களின் அழுத்தத்தை, கூட்டியதுதான் பெரிய தப்பு. மீன்கொத்தி முதுகின் நீலம் சாயத்தால் வருவதில்லை, இறகின் நுண்ணிய அமைப்பில் ஒளி சிதறுவதால் வருவது, அதனால்தான் ஒவ்வொரு இழையிலும் நீலம் கொஞ்சம் கொஞ்சம் மாறிக்கொண்டே போகிறது. அந்த வித்தியாசமெல்லாம் அழிந்து, ஒரே நீலத் திட்டாகிவிட்டது பறவை.

அப்புறம்தான் 'வியூ எடிட்ஸ்' பக்கம் போனேன். செய்த ஒவ்வொரு மாற்றமும் அங்கே அடுக்காக இருக்கிறது, ஒன்றைத் தொட்டு பிரஷ்ஷை எடுத்தால் வேண்டிய இடத்தில் மட்டும் தடவிக்கொள்ளலாம். நுண்விவரங்களைத் தூக்கிக் காட்டும் ஸ்ட்ரக்சரை 25, 30 வரை ஏற்றி, தலையிலும் மார்பு இறகிலும் மட்டும் தடவினேன், பின்னணியைத் தொடவே இல்லை. கண்ணில் ஒரு செலக்டிவ் புள்ளி (அந்த இடத்தை மட்டும் மாற்றும் கருவி) வைத்து வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டினேன், அவ்வளவுதான், பறவை நம்மைப் பார்க்க ஆரம்பித்துவிட்டது! பின்னணியை மங்கலாக்கும் லென்ஸ் பிளரை மட்டும் விட்டுவிடுங்கள், அது நீள்வட்டமாகவோ பட்டையாகவோதான் மங்கலாக்கும், காதும் வாலும் அதில் மாட்டிக்கொள்ளும்.

வேண்டாததை அழிக்கும் ஹீலிங் கருவியில், முகத்துக்குக் குறுக்கே வந்த குச்சியை அழிப்பது சுலபம், ஆசையாகவும் இருக்கும். வீட்டுச் சுவரில் மாட்டுவதற்கென்றால் சரி. போட்டிக்கு அனுப்புவதாக இருந்தால் வேண்டாம். வைல்ட்லைஃப் போட்டோகிராஃபர் ஆஃப் தி இயர் என்ற சர்வதேசப் போட்டியில் படத்தில் இருந்ததை அழிக்கவும் இல்லாததைச் சேர்க்கவும் அனுமதி இல்லை, இறுதிக்கட்டத்தில் ரா ஃபைலையும் கேட்பார்கள். அதனால் எதைச் செய்தாலும் நகலில் செய்யுங்கள்.

முழுப் படத்துக்கும் போட்டு எனக்குப் பிடித்த ஒரே எஃபெக்ட் கறுப்பு வெள்ளைதான், அதுவும் யானைக்கு. செம்மண் பூசிய யானை ஒன்று புதருக்குள் நின்ற படம், கலரில் எல்லாம் ஒன்றோடொன்று கலந்து கிடந்தது. கறுப்பு வெள்ளையாக்கி அதிலேயே இருக்கும் சிவப்பு ஃபில்டரைத் தேர்ந்தெடுத்தேன். சிவப்பு மண் வெளுத்தது, பச்சை இலைகள் இருண்டன, யானை புதரை விட்டு வெளியே வந்து நின்றது, தும்பிக்கையின் ஒவ்வொரு சுருக்கமும் தெரிந்தது. அதற்கு மேல் அந்தப் படத்தில் நான் ஒன்றுமே செய்யவில்லை.