வாலட் சரிபார்ப்பு என்று சொல்லி எடுத்த 412 டொலர்

ஹட்டன், கொட்டகலைப் பக்கம் கிரிப்டோ வாலட் (டிஜிட்டல் நாணயம் வைக்கும் பணப்பை) வைத்திருக்கும் தம்பி தங்கைகள் இதைக் கட்டாயம் வாசியுங்கள்.

நான் வெளிநாட்டுக்காரர்களுக்கு வீடியோ எடிட்டிங் செய்து கொடுக்கிறேன். கூலியை யூஎஸ்டிசியாக, அதாவது ஒன்று ஒரு டொலர் பெறுமதியுள்ள கிரிப்டோ நாணயமாக, அனுப்புவார்கள். ஐந்து மாதமாகச் சேர்த்த 412 டொலர் போன வாரம் ஒரு நிமிடத்தில் போய்விட்டது. லயத்துக் கூரைக்குத் தகரம் மாற்ற வைத்திருந்த காசு.

டெலிகிராமில் தமிழிலேயே நடக்கும் ஒரு குழு. அவர்கள் தரும் இணையப் பக்கத்தில் வாலட்டை இணைத்தால் பழைய பரிவர்த்தனைகளைச் சரிபார்த்து, அதற்கேற்ப டோக்கன் (கிரிப்டோ நாணயம்) தருவதாகச் சொன்னார்கள். "பயப்படாதீங்க தங்கச்சி, அந்த 12 சொல்லை நாங்க கேக்கவே மாட்டோம்" என்று குழு நடத்துபவர் வாய்ஸ் மெசேஜ் போட்டார். அந்த 12 சொல்தான் வாலட்டின் சாவி. நம்ம ஊர்ப் பேச்சு. அதைக் கேட்டுத்தான் நம்பினேன்.

இணைத்ததும் என் வாலட் செயலியான மெட்டாமாஸ்க் ஒரு டிஜிட்டல் கையொப்பம் கேட்டது. இந்த முகவரி என்னுடையது என்ற சாதாரண வாசகம். போட்டேன். உடனே இரண்டாவது வந்தது. அதில் வாசகம் இல்லை. ஸ்பெண்டர் என்று எனக்குத் தெரியாத ஒரு முகவரி, வேல்யூ என்று 115792 எனத் தொடங்கித் திரையைத் தாண்டி ஓடும் ஓர் எண், கடைசியில் டெட்லைன். கட்டணம் எதுவும் கேட்கவில்லை. கட்டணம் இல்லையென்றால் காசு அசையாது என்று நினைத்து அதையும் அழுத்திவிட்டேன்.

அதன் பெயர் பெர்மிட்: ஸ்பெண்டர் என்று காட்டும் முகவரி நம் காசை எடுக்கலாம் என்று நாம் கொடுக்கும் அனுமதி. அந்த 78 இலக்க எண்ணுக்கு, என் யூஎஸ்டிசியை எவ்வளவு வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று அர்த்தம். கட்டணத்தை அவர்களே கட்டி எடுத்துக்கொண்டார்கள்.

எனக்கு வயிறு எரிவது இதற்குத்தான்: சரிபார்க்க இது எதுவுமே தேவையில்லை. 0எக்ஸ் என்று தொடங்கும் 42 எழுத்து முகவரியை, எத்தீரியம் பரிவர்த்தனைகளை எல்லோருக்கும் காட்டும் ஈதர்ஸ்கேன் தளத்தில் போட்டால், அந்த வாலட்டில் நடந்ததெல்லாம் யாருக்கும் தெரியும். முகவரி நம்முடையதுதானா என்று உறுதிசெய்ய அந்த முதல் கையொப்பமே போதும். அதற்கு மேல் ஸ்பெண்டர், அப்ரூவ், பெர்மிட் என்று ஒரு சொல் வந்தாலும் ரிஜெக்ட் செய்துவிட்டு வெளியே வாருங்கள்.

பாஸ்வேர்டை மாற்றினேன், பிரயோசனம் இல்லை. கொடுத்த அனுமதி செயினில், அதாவது பரிவர்த்தனைகள் பதிவாகும் பொதுப் பதிவேட்டில், அப்படியே இருக்கும். ஈதர்ஸ்கேனில் டோக்கன் அப்ரூவல் பார்க்கும் பக்கம் இருக்கிறது. யாருக்கு அனுமதி கொடுத்திருக்கிறோம் என்று அங்கே பார்த்து ரத்துச் செய்யலாம். அதற்குக் கொஞ்சம் கேஸ் (பரிவர்த்தனைக் கட்டணம்) செலவாகும். செலவானாலும் செய்யுங்கள். பயன்படுத்தாத பெர்மிட் கையொப்பம் அந்தப் பக்கத்தில் தெரியாது. அதனால் சந்தேகம் இருந்தால் மிச்சக் காசைப் புது வாலட்டுக்கு மாற்றிவிடுவது நல்லது.

குழுவில் கேட்டேன், நீக்கிவிட்டார்கள். அப்புறம் ஒருவர் தனியாக எழுதினார்: 50 டொலர் கட்டினால் பணத்தை மீட்டுத் தருவாராம். செயினில் போனதைத் திருப்பி எடுக்க யாராலும் முடியாது. அவரை பிளாக் செய்தேன்.

பொலிஸில் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். என் தம்பியும் அந்தக் குழு தந்த பக்கத்தில் வாலட்டை இணைத்திருந்தான். அன்றிரவே அவனை எழுப்பி, இருந்த 60 டொலரைப் புது வாலட்டுக்கு மாற்றினோம்.