புடவையை விட்டுவிடுவதா, வயதானாலும் தொடர்வதா?

நான் ஓர் ஆண், 58 வயது, வேலூர் சத்துவாச்சாரியில் வீடு. பதினைந்து வயதிலிருந்து புடவை கட்டும் ஆசை கூடவே வருகிறது, இப்போது நிறுத்திவிடலாமா என்று அடிக்கடி தோன்றுகிறது.

நிறுத்தினால் பீரோ சாவியை ஒளிக்க வேண்டாம், நாளைக்கு நான் படுத்துவிட்டால் மருமகள் பார்த்துவிடுவாளோ என்ற பயமும் இல்லை. ஆனால் இரண்டு முறை எல்லாவற்றையும் எரித்தவன் நான். ஆறு மாதம்கூடத் தாங்கவில்லை, லாங் பஜாரில் போய் மறுபடி வாங்கினேன், பணம் போனதுதான் மிச்சம்.

தொடர்ந்தால் உடம்புக்கு ஏற்ப மாற வேண்டும். வயதானால் தோல் மெலியும், அழுத்திச் சவரம் செய்தால் கீறிவிடும். ஹீல்ஸ் வேண்டவே வேண்டாம், விழுந்தால் இடுப்பெலும்பு உடையும். வேலூர் வெயில் 40 டிகிரியைத் தாண்டும்போது பட்டுப் புடவையும் தலைக்கு விக்கும் எதற்கு, நூல் புடவை போதும். அப்புறம், கண்ணாடியில் இளம்பெண்ணைத் தேடாமல் நம் வயதுப் பெண்மணியைப் பார்க்கப் பழகினால் ஏமாற்றம் பாதி குறைகிறது. நம் பக்கத்துத் தெருக்கூத்தில் பெரும்பாலும் ஆண்கள்தான் திரௌபதி வேஷம் கட்டுகிறார்கள், அதைப் பார்த்து ஊரே கண்கலங்குகிறது, அதில் என்ன கேவலம்?

நான் தொடரத்தான் போகிறேன். போன வருடம் மனைவியிடம் சொன்னேன். இரண்டு நாள் பேசவில்லை, மூன்றாம் நாள் என் கொசுவத்தை அவளே சரிசெய்தாள்.