நெக்ஸிக் யூஎஸ்பி-லிங்க் 2: கராஜுக்குப் போக முன்னம் கையில் இருக்க வேண்டிய பெட்டி

சொந்த ட்ரக்கில் ஒன்ராறியோவின் 401 நெடுஞ்சாலையிலும் அமெரிக்க எல்லைக்கு அப்பாலும் ஓடுபவர்கள் துணிந்து வாங்கக்கூடிய பெட்டி இது. ஆனால் என்ன வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்க வேண்டும். இதில் திரை இல்லை, தனியே நின்று எதையும் காட்டாது. ட்ரக்கில் உள்ள கணினிகள் பேசுவதை லப்டொப்புக்குக் கடத்துவதுதான் இதன் வேலை. மென்பொருளுக்குத் தனியே காசு கொடுக்க வேண்டும். கமின்ஸ் எஞ்சினுக்கு இன்சைற், டெற்றோயிற்றுக்கு டயக்னொஸ்ரிக் லிங்க். வெவ்வேறு கம்பனி ட்ரக்குகள் இரண்டு மூன்று வைத்திருப்பவர்களுக்கு நொறெகொனின் ஜேபுரோ பொருந்தும். பெரும்பாலும் வருடச் சந்தா. பெட்டியின் விலையைவிட இந்தச் செலவுதான் மேலே போகும். விண்டோஸ் லப்டொப்பும் வேண்டும். ஒரே ஒரு பழைய ட்ரக் வைத்திருப்பவருக்கு, பழுதுக் கோட் வாசிக்கும் கையடக்க ஸ்கானரே முதல் வருடத்துக்குப் போதும். ஆனால் அதில் றீஜென் (புகைக்கரி பில்ரரைச் சூடாக்கிக் கரியை எரிப்பது) செய்யும் கட்டளையை அனுப்ப முடியுமா என்று கேட்டு வாங்குங்கள். மலிவானவை பலவற்றில் முடியாது.

செருகும் இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஸ்ரியரிங் அடியில் உள்ள ஒன்பது முள் சொக்கற் கறுப்பு என்றால் தரவு வேகம் செக்கனுக்கு 250 கிலோபிற், பச்சை என்றால் 500. பச்சை நுனியுள்ள கேபிள் இரண்டிலும் ஏறும். கறுப்பு நுனி பச்சைச் சொக்கற்றில் ஏறாது, அடித்து ஏற்ற வேண்டாம். பழைய ட்ரக்கில் ஆறு முள் இருக்கும், புதிய வொல்வோ, மாக் பலவற்றில் காரில் போலப் பதினாறு முள். எந்தக் கேபிள் பெட்டியோடு வருகிறது என்று பார்த்தே பணம் கட்டுங்கள்.

இனிப் பெட்டி எதற்குக் காசு மதிப்பு என்ற விசயம். ட்ரக் கோட் ஒன்றில் இரண்டு எண்கள் இருக்கின்றன. எஸ்பிஎன் என்பது எந்த உறுப்பு என்று சொல்லும், எஃப்எம்ஐ என்பது அந்த உறுப்பில் என்ன கோளாறு என்று சொல்லும். கராஜ்காரர் வாயில் முதல் எண் மட்டும்தான் வரும். "3251 அடிக்குது, டிபிஎஃப் மாத்தோணும்" என்பார். 3251 என்பது டிபிஎஃப்பின், அதாவது புகைக்கரி பிடிக்கும் பில்ரரின், இரு பக்க அழுத்த வித்தியாசம். எஃப்எம்ஐ 0 அல்லது 16 என்றால் அழுத்தம் உண்மையிலேயே கூடியிருக்கிறது என்று கணினி நம்புகிறது. 3 அல்லது 4 என்றால் மின்னழுத்தம் வரம்புக்கு வெளியே போய்விட்டது (3 மேலே, 4 கீழே): சென்சர், வயர், கனெக்ரர். இந்த இரண்டாவது வகைக்குப் பில்ரரைக் கழற்றச் சொல்வது வீண்செலவு. முதல் வகையிலும் சென்சருக்குப் போகும் சிறு குழாய்கள் புகைக்கரியால் அடைத்திருக்கின்றனவா, வெடித்திருக்கின்றனவா என்று முதலில் பார்க்க வேண்டும். பில்ரர் உண்மையிலேயே அடைத்திருந்தாலும், ஏன் அடைத்தது என்பதற்குப் பதில் இல்லாமல் புதியதைப் போட்டால் அதுவும் அடைக்கும். ஒழுகும் இன்ஜெக்ரர், ஒயில் தள்ளும் ரேர்போ, காற்றுக் கசிவு, இவைதான் வழக்கமான காரணங்கள்.

சென்சரா வயரா என்று பிரிக்க ஐந்து நிமிடம் போதும். கூலன்ற் வெப்ப சென்சரை எடுத்துக்கொள்ளுங்கள்: எஸ்பிஎன் 110, எஃப்எம்ஐ 4. கனெக்ரரைக் கழற்றிவிட்டுத் திரும்ப வாசியுங்கள். 4 போய் 3 வந்தால் வயரும் கணினியும் நல்லவை, சென்சர்தான் பழுது. கழற்றியும் 4 நின்றால் வயர் எங்கோ உரசி ட்ரக்கின் உலோக உடலில் முட்டுகிறது, சென்சர் மாற்றிப் பயனில்லை. எஸ்பிஎன் 100, அதாவது எஞ்சின் ஒயில் அழுத்தம், எஃப்எம்ஐ 1 (ஆபத்தான அளவுக்குக் குறைவு) என்று வந்தால் மட்டும் எந்தச் சோதனையும் வேண்டாம். உடனே ஓரம் கட்டி எஞ்சினை நிறுத்துங்கள்.

ஒரே நேரத்தில் பல கணினிகள் எஸ்பிஎன் 639 என்று முறையிட்டால், கணினி ஒவ்வொன்றாக மாற்றச் சொல்லும் ஆட்கள் உண்டு. 639 என்பது அவை பேசிக்கொள்ளும் வயர்ப் பாதை. பற்றரியைக் கழற்றிவிட்டு ஒன்பது முள் சொக்கற்றில் சி, டி முள்களுக்கு இடையே மல்ரிமீற்றரால் ஓம் பாருங்கள். பாதையின் இரு முனையிலும் 120 ஓம் தடை ஒவ்வொன்று இருப்பதால் 60-க்குக் கிட்டக் காட்ட வேண்டும். 120 என்றால் ஒரு முனைத் தடை போய்விட்டது அல்லது வயர் அறுந்துவிட்டது. பூச்சியத்துக்குக் கிட்ட என்றால் இரு வயர்களும் ஒன்றோடொன்று முட்டுகின்றன. அதேபோல எஸ்பிஎன் 168 (பற்றரி மின்னழுத்தம்) பல இடங்களிலிருந்து வந்தால் பற்றரி, எர்த் வயர் பக்கம் போங்கள். நான்கு பற்றரிகளையும் பிரித்துத் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும், கெட்டுப்போன ஒன்று மற்ற மூன்றையும் இழுத்துவிடும்.

பெட்டிக்குத் தெரியாத பழுதுகளும் இருக்கின்றன, பெரிய பில்கள் வருவது பெரும்பாலும் அங்கேதான். கூலன்ற் தொட்டியில் குமிழி, நீர் வெளியே தள்ளுகிறது, உடனே "ஹெட் காஸ்கற்" (எஞ்சின் ஹெட்டுக்கு அடியில் உள்ள காஸ்கற்) போய்விட்டது என்ற தீர்ப்பு. பிரேக் காற்றுக்கான கொம்பிரசரும் எஞ்சின் கூலன்றால்தான் குளிர்கிறது. அதன் ஹெட்டில் கசிவு வந்தாலும் இதே குமிழி வரும். காற்றுத் தொட்டிகளை 80 பிஎஸ்ஐ வரை இறக்கிவிட்டு, எஞ்சின் குளிராக இருக்கும்போதே மூடியைத் திறந்து ஸ்ராட் பண்ணிப் பாருங்கள். (சூட்டில் ஒருபோதும் திறக்க வேண்டாம்.) கொம்பிரசர் காற்றேற்றும்போது குமிழி வந்து, 120 - 130 பிஎஸ்ஐயில் அது ஓய்ந்ததும் குமிழியும் ஓய்ந்தால் கொம்பிரசரில்தான் சந்தேகம். "கொம்பிரசரின் கூலன்ற் குழாய்களைப் பிரித்துவிட்டுச் சோதித்தீர்களா?" என்று கேளுங்கள். இல்லை என்று சொல்பவரை எஞ்சின் ஹெட்டைத் திறக்க விடாதீர்கள்.

இழுவை குறைந்து கறுப்புப் புகை வந்தால் ரேர்போவைச் சந்தேகிக்க முன்னம் சார்ஜ் எயார் கூலரை (ரேர்போ அழுத்திய காற்றைக் குளிர்விப்பது) பாருங்கள். இரு முனையையும் அடைத்து 30 பிஎஸ்ஐ ஏற்றி, வால்வை மூடி 15 செக்கன் பார்ப்பது முறை. எஞ்சின் தயாரிப்பாளரைப் பொறுத்து 5 முதல் 7 பிஎஸ்ஐ வரை இறங்கலாம், அதற்கு மேல் என்றால் கூலரோ குழாயோ கசிகிறது. பிரேக் சிலாக் அட்ஜஸ்ரரில் (பிரேக் தேயும்போது கூடும் இடைவெளியை இறுக்கும் உறுப்பு) இன்னொரு ஏமாற்று நடக்கிறது. தானாகச் சரிசெய்யும் வகையைக் கையால் இறுக்கிவிட்டு "சரி பண்ணியாச்சு" என்பார்கள். அது தானாக இறுகவில்லை என்றால் உள்ளே வேறு பழுது இருக்கிறது. கையால் இறுக்குவது பழுதை மறைக்கும், திருத்தாது. பிரேக் விசயத்தில் இதை எந்த நிலையிலும் ஏற்க வேண்டாம்.

ஒன்ராறியோவில் ஓடுபவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். மதிப்பீட்டுக்கு மேல் 10 வீதத்துக்கு அதிகமாக பில் போடக்கூடாது என்ற நுகர்வோர் சட்டப் பாதுகாப்பு சொந்தப் பாவனை வாகனத்துக்குத்தான். தொழிலுக்கு ஓடும் ட்ரக்குக்கு அது இல்லை. அதனால் அந்தப் பாதுகாப்பை நீங்களே வேர்க் ஓடரில் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும்: இத்தனை டொலருக்கு மேல் என் எழுத்துச் சம்மதம் இல்லாமல் வேலை இல்லை, கழற்றிய பழைய பாகங்கள் எனக்கு, வேலைக்கு முன்னும் பின்னும் கோட் அறிக்கை. ரேர்போ, ஸ்ராட்டர், அல்டர்னேற்றருக்குப் பழைய பாகத்தைத் திருப்பிக் கொடுத்தால் கிடைக்கும் கோர் பணம் பில்லில் கழிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். சச்சரவு என்றால் பணம் கட்டும்வரை ட்ரக்கைப் பிடித்து வைக்க கராஜுக்குச் சட்ட உரிமை உண்டு. ஆனால் கேட்கும் தொகையை நீதிமன்றத்தில் கட்டி ட்ரக்கை வெளியே எடுத்து, பிறகு வழக்காடும் வழி அதே சட்டத்தில் இருக்கிறது. வேலை செய்பவருக்கு 310ரி (ட்ரக், பஸ் மெக்கானிக்) உரிமம் இருக்கிறதா என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

இந்தப் பெட்டியால் கிடைக்கும் மிகப் பெரிய பயனை விளம்பரங்கள் சொல்வதில்லை. கராஜுக்குள் போக முன்னம் எல்லாக் கோட்களையும், ஒவ்வொன்றும் எத்தனை தரம் வந்தது என்ற கணக்கோடு சேமித்துவிடலாம். உள்ளே போன பின் யாராவது அழித்துவிட்டால் அந்தத் தடயம் போய்விடும். நீங்களும் அழிக்காதீர்கள். லைற் அணைந்தால் பழுது போனது என்று எண்ணி அழித்துவிட்டுக் கொண்டுபோனால், நேர்மையான மெக்கானிக்கும் இருட்டில்தான் தேட வேண்டும்.

வாங்கும்போது கவனம்: இணையத்தில் பாதிக்கும் குறைந்த விலையில் கிடைப்பவற்றில் போலிகள் ஏராளம், களவு மென்பொருள் சீடியோடு வரும். வாசிக்கும்போது போலி ஓரளவு வேலை செய்யும். எஞ்சின் கணினியில் எதையாவது எழுதும்போது இணைப்பு பாதியில் அறுந்தால் அந்தக் கணினியே செத்துப்போகலாம். உத்தரவாதம் தரும் அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளரிடம் மட்டும் வாங்குங்கள்.