பிராட்வே பக்கம் சாப்பிட்டுக்கொண்டே பாட்டுக் கேட்க எங்கே போகலாம்?

நியூயார்க்கின் பிராட்வே நாடகத் தெருக்களில் பெரிய அரங்குகளைத் தவிர சின்னக் கூடங்களும் உண்டு. மாலையில் ஆயிரம் பேருக்குப் பாடியவரே வேறொரு நாள் அங்கே நம் மேசைக்குப் பக்கத்தில் நின்று பாடுவார். என்னைக் கேட்டால், இந்தக் கூடங்களைச் சாப்பாட்டை வைத்துத் தேர்ந்தெடுக்கவே கூடாது. அன்றைக்கு யார் பாடுகிறார் என்பதை வைத்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

முதலில் 54 பிலோ. மேற்கு 54வது தெருவில், ஒரு காலத்தில் டிஸ்கோவுக்குப் பேர்போன ஸ்டூடியோ 54 கட்டடத்தின் அடித்தளத்தில் 2012இல் திறந்தார்கள். பிராட்வே நடிகர்கள் தங்களுக்கென்று ஒரு நிகழ்ச்சி அமைத்துப் பாடும் இடம் இது. மேடையில் பாத்திரமாக மட்டுமே பார்த்த ஒருவர், அந்தப் பாட்டு தனக்கு எப்படிக் கிடைத்தது என்று சொல்லிவிட்டுப் பாடும்போது அதே பாட்டு வேறாகக் கேட்கும். ஒலியமைப்பும் அருமை. ஆனால் பணம் கரையும். நுழைவுச்சீட்டு தனி. அதற்கு மேல் ஆளுக்குக் குறைந்தது 25 டாலர் அளவுக்கு ஏதாவது வாங்கியாக வேண்டும். பிறகு வரி, டிப்ஸ். 60 டாலர் சீட்டு எடுத்துக்கொண்டு இரண்டு பேர் போனால் 180ஐத் தாண்டிவிடும். ஆகவே முன்பே லேசாகச் சாப்பிட்டுவிட்டு, அங்கே ஒரு பானமும் ஒரு இனிப்புமாக அந்தத் தொகையைக் கழிப்பது நல்லது.

பேர்ட்லேண்ட் ஜாஸ் வீடு. சாக்ஸபோன் கலைஞர் சார்லி பார்க்கரின் ‘பேர்ட்’ என்ற பட்டப்பெயரிலிருந்து பெயர் வாங்கி 1949இல் தொடங்கியது. அந்தக் காலத்தில் மது விற்கும் இடத்தில் பாடவோ வாசிக்கவோ போலீஸ் தரும் அனுமதி அட்டை வேண்டும். 1951இல் பார்க்கரிடமிருந்தே அதைப் பிடுங்கிவிட்டார்கள். தன் பெயர் தாங்கிய கூடத்திலேயே வாசிக்க முடியாத நிலை அந்தக் கலைஞனுக்கு! நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது. அந்தப் பழைய கூடம் 1965இல் மூடப்பட்டது. இப்போதைய பேர்ட்லேண்ட் 1996இலிருந்து மேற்கு 44வது தெருவில் இருக்கிறது. திங்கட்கிழமை பிராட்வேயில் பல நாடகங்களுக்கு விடுமுறை. அன்று இரவு இங்கே பாடகர் ஜிம் கரூசோ நடத்தும் ‘காஸ்ட் பார்ட்டி’யில் பெயர்பெற்ற பாடகரும் நேற்று ஊருக்கு வந்த புதியவரும் ஒரே மைக்கில் அடுத்தடுத்துப் பாடுவார்கள். யார் வருவார் என்று முன்கூட்டித் தெரியாது. சில பாட்டு சுமாராகத்தான் இருக்கும்; பரவாயில்லை, அடுத்தது தூக்கி நிறுத்திவிடும்.

அப்புறம் மேற்கு 46வது தெருவில் டோன்ட் டெல் மாமா. 1982இலிருந்து நடக்கிறது. பின்பக்கக் கூடங்களில் சீட்டெடுத்துப் பார்க்கும் நிகழ்ச்சிகள். முன்பக்கம் பியானோ பார். பாருக்கு நுழைவுக் கட்டணம் இல்லை, மேசைக்கு உட்கார்ந்தால் இரண்டு பானம் வாங்க வேண்டும். பரிமாறுகிறவரே தட்டை வைத்துவிட்டுப் பாடப் போவார். அவர்களில் பலர் வாய்ப்புக்காகக் காத்திருக்கும் தேர்ந்த பாடகர்கள் என்பதால் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பியானோமேல் இருக்கும் டிப்ஸ் ஜாடியில் போடக் கையில் கொஞ்சம் சில்லறை நோட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்குப் பிடித்த பிராட்வே குரல் ஒன்று இருந்து, அவர் நிகழ்ச்சியும் அந்த வாரம் அமைந்தால் கண்ணை மூடிக்கொண்டு 54 பிலோ. யாரையும் தெரியாது, ஆனால் திங்கட்கிழமை ஊரில் இருக்கிறீர்கள் என்றால் பேர்ட்லேண்ட். நாடகம் முடிந்து வெளியே வந்தும் தூங்கப் போக மனமில்லையா, நேராக 46வது தெரு. சின்னக் குழுவாகப் போனால் தெரியாதவர்களோடு மேசையைப் பகிரும்படி உங்களிடம் சொல்லக்கூடும். சரி என்று உட்காருங்கள். பாட்டு நடக்கும்போது மட்டும் பேச்சு வேண்டாம். அவ்வளவு கிட்டத்தில் நிற்கும் பாடகருக்கு எல்லாமே கேட்கும்.