வேடந்தாங்கலா, பள்ளிக்கரணையா, பழவேற்காடா: பறவை போட்டோவுக்கு எங்க போலாம்?

சென்னையில இருந்து ஒரே நாள்ல போயிட்டு வர்ற தூரத்துல பறவை போட்டோன்னா இந்த மூணு பேர்தான் எல்லார் வாயிலயும் வருது. மூணும் நீர்நிலைதான், மூணுலயும் நாரை கொக்கு இருக்கு, ஆனா கேமராவோட போறவங்களுக்கு மூணும் வேற வேற உலகம். நிறைய பேர் "எங்க பறவை ஜாஸ்தி"ன்னு மட்டும் கேட்டுட்டு கிளம்பிடுறாங்க, என்னைக் கேட்டா முதல்ல பார்க்க வேண்டியது பறவை நமக்கு எவ்ளோ கிட்ட வரும், நாம நிக்கிற இடம் அதோட கண்ணு மட்டத்துக்கு எவ்ளோ மேல இருக்கு, வெயில் எந்தப் பக்கம் விழுது, இதைத்தான்.

கூடு கட்டுற பறவைங்க எண்ணிக்கைல வேடந்தாங்கலை அடிச்சுக்க முடியாது. சுமார் 30 ஹெக்டேர் ஏரி, தண்ணிக்குள்ளயே கடப்ப மரம், கருவேல மரம், மழை நல்லா பெஞ்ச வருசம்னா நவம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும் கிளைக்குக் கிளை கூடுதான். 1798லயே அப்போ செங்கல்பட்டு கலெக்டரா இருந்த லயனல் பிளேஸ் காலத்துல ஊர்க்காரங்க இந்தப் பறவைங்களுக்குப் பாதுகாப்பு வாங்கி வச்சிருக்காங்க, தீபாவளிக்கு வெடி வெடிக்காத ஊரு, அதனால கரைல ஸ்கூல் பசங்க கூட்டம் கத்திட்டுப் போனாலும் நாரைங்க பாட்டுக்கு அது வேலையைப் பார்க்குது. மிரளாத பறவை கிடைக்கிறது போட்டோ எடுக்கிறவங்களுக்குப் பெரிய வரம்.

பிரச்சனை தூரம். கரை மேல இருந்து மரம் தள்ளித்தான் இருக்கு, 300 எம்எம் லென்ஸ்ல எடுத்தா வெள்ளை வெள்ளையா புள்ளிதான், 600 வரைக்கும் போற ஜூம் இருந்தா நிம்மதி. கரை உசரமா இருக்கறதால கூட்டுல இருக்கிற பறவை ஓரளவுக்கு நம்ம மட்டத்துல வரும், ஆனா தண்ணில நீந்துற பறவை எல்லாம் மேல இருந்து எடுத்த மாதிரி தட்டையாத்தான் தெரியும். அதனால அங்க போனா நீந்துறதை விட்டுட்டு குடும்பத்தை எடுங்க. நத்தைகுத்தி நாரையோட அலகுல நடுவுல ஒரு இடைவெளி இருக்கும்ல, குஞ்சுக்கு அது இருக்காது, வளர வளரத்தான் வரும், அப்பனையும் குஞ்சையும் ஒரே பிரேம்ல வச்சா அந்த வித்தியாசம் பளிச்சுனு தெரியும். உச்சி வெயில்ல மஞ்சள் மூக்கு நாரை றெக்கையை விரிச்சு குஞ்சுக்கு நிழல் குடுத்துட்டு அசையாம நிக்கும், சுத்தியிருக்கிற கூட்டம் எல்லாம் சத்தம் போட அது மட்டும் அப்படியே. குச்சி பொறுக்கிட்டு வர்ற நாரை திரும்பத் திரும்ப ஒரே வழியாத்தான் வரும், அந்த வழியைக் கண்டுபிடிச்சு ஷட்டர் 1/2000ல வச்சு காத்திருந்தா பறக்கிற ஷாட் கிடைச்சிரும். பின்னாடி இருட்டா மரம், முன்னாடி வெள்ளைப் பறவைங்கிறதால கேமரா எக்ஸ்போஷரை, அதாவது படத்துல விழுற வெளிச்சத்தை, ஏத்திவிட்டுரும், இறகு எல்லாம் வெளுத்துப் போகும், ஒரு ஸ்டாப், அதாவது வெளிச்சத்தைப் பாதியா, குறைச்சு வைங்க.

பள்ளிக்கரணைதான் என்னோட சாய்ஸ், ஒளிவு மறைவு இல்லாம சொல்லிடுறேன். பக்கத்துலயே பெருங்குடி குப்பைமேடு, ரோட்டுல லாரி சத்தம், சுத்தி ஐடி கட்டடம், "இங்கயா"ன்னு முகம் சுளிக்கிறவங்க நிறைய பேர். ஆனா சதுப்பு ஓரத்துலயே நடைபாதை, பறவை அதுபாட்டுக்கு கிட்ட வந்து மேயும். நீலத்தாழைக்கோழி கோரைத் தண்டைக் காலால பிடிச்சு வாய்க்குத் தூக்கித் திங்கிறதை வேடந்தாங்கல்ல இந்த அளவுக்குக் கிட்ட இருந்து பார்க்க முடியாது. நீளவால் இலைக்கோழி, நெடுங்கால் உள்ளான், முக்குளிப்பான், மீசை ஆலா, குளிர்காலத்துல ஊசிவால் வாத்து, இன்னும் எவ்ளோவோ. 400 எம்எம் இருந்தாலே போதும். பஸ் ஏறிப் போயிட்டு ஆபீசுக்கு நேரத்துக்கு வந்துடலாம், திரும்பத் திரும்பப் போக முடியுதுங்கிறதுதான் இதுல பெரிய விசயம், ஏன்னா பறவை போட்டோ ஒரு நாள்ல வர்றது கிடையாது.

வெயில் மட்டும் கொஞ்சம் படுத்தும். துரைப்பாக்கம் பல்லாவரம் ரேடியல் ரோடு கிழக்கு மேற்கா போகுது, காப்புக்காடுன்னு வனத்துறை பாதுகாக்கிற சதுப்பு அதுக்குத் தெற்குல, குளிர்காலத்துல சூரியனும் தெற்காலயே சாஞ்சு போறதால நேரா பார்த்து எடுத்தா பறவை கருப்பாத்தான் வரும். காலைல மேற்குப் பக்கம் திரும்பி எடுங்க, சாயங்காலம் கிழக்குப் பக்கம். கோரைப்புல்லு போக்கஸைத் திருடும், போக்கஸை ஒரே புள்ளில (சிங்கிள் பாயிண்ட்) பறவையோட கண்ணு மேல வைங்க. அப்புறம் ஒண்ணு, பின்னாடி வர்ற அபார்ட்மெண்டை வெட்டிட்டு வெட்டிட்டு கிராப் பண்ணாதீங்க. ஒரு காலத்துல பல ஆயிரம் ஏக்கருக்கு விரிஞ்சு கிடந்த சதுப்பு சுருங்கிப் போய் 2022ல ராம்சார்ங்கிற சர்வதேச ஈரநிலப் பட்டியலுக்குள்ள வந்திருக்கு, பூநாரைக்கு (ஃப்ளமிங்கோ) பின்னாடி கண்ணாடிக் கட்டடம் நிக்கிற படம்தான் இந்த இடத்தோட உண்மையான படம்.

பழவேற்காடு பூநாரைக்காக மட்டும் போங்க. சிலிக்காவுக்கு அடுத்து இந்தியாவோட ரெண்டாவது பெரிய உவர்நீர் ஏரி, பெரும்பகுதி ஆந்திராவுல. மழைத் தண்ணி வடிஞ்சு ஆழம் குறையக் குறையத்தான் பூநாரை மேய வசதி, அதனால ஜனவரிக்கு மேல பாருங்க. நம்ம பக்கம் படகுல போனா கண்ணு மட்டத்துல கிடைக்கும், ஆனா 2011 டிசம்பர் 25ல இதே ஏரில படகு கவிழ்ந்து 22 பேர் போயிட்டாங்க, அனுமதி இருக்கான்னு கேக்காம, லைஃப் ஜாக்கெட் போடாம ஏறவே ஏறாதீங்க. படகை நேரா கூட்டத்துக்குள்ள விடச் சொல்றவங்களைப் பார்த்தா எனக்கு ஆத்திரமா வரும். பூநாரை தண்ணி மேல ஓடி ஓடித்தான் மேல கிளம்ப முடியும், ஒவ்வொரு தடவை விரட்டும்போதும் அது திங்க வேண்டிய நேரமும் தெம்பும் வீணாப் போகுது, அந்த "டேக் ஆஃப் ஷாட்" எனக்கு வேண்டவே வேண்டாம்.

அதை விட சூலூர்பேட்டைல இருந்து ஸ்ரீஹரிகோட்டா போற ரோடு நல்லது, ஏரியைக் குறுக்கால வெட்டிட்டுப் போகுது. இதுவும் கிழக்கு மேற்கு ரோடுதான், ஆனா இங்க ரெண்டு பக்கமும் தண்ணி, வடக்குப் பக்கம் பார்த்து நின்னா வெயில் முதுகுல, பள்ளிக்கரணைல கிடைக்காத வெளிச்சம். பளபளக்கிற தண்ணிங்கிறதால வேடந்தாங்கலுக்கு நேர் எதிரா எக்ஸ்போஷரைக் கொஞ்சம் ஏத்தணும். ஒன்பது மணிக்கு மேல கானல் அலையடிக்க ஆரம்பிச்சா எவ்ளோ விலை லென்ஸ் வச்சிருந்தாலும் ஷார்ப்பா வராது. ரோடு முடியிறது ராக்கெட் தளம், செக்போஸ்ட் பக்கம் கேமராவைத் தூக்காதீங்க.

புதுசா கேமரா வாங்கினவங்க பள்ளிக்கரணைல ஒரு சீசன் கையைப் பழக்கிட்டு வேடந்தாங்கல் போங்க, வாரநாள்ல போங்க, கேமராவுக்குத் தனி டிக்கெட் உண்டு. அங்க இருந்து கிட்டதான் கரிக்கிலி பறவைகள் சரணாலயம், கூட்டம் கம்மி, வாத்தும் கரையோரப் பறவையும் அங்க நல்லா கிடைக்கும்.