பில்ட்.எஸ்எச்: நெட்பிஎஸ்டியை எந்தக் கணினியிலும் கட்டித்தரும் ஒற்றை ஸ்கிரிப்ட்

ஓர் இயங்குதளத்தின் மூலநிரலை இறக்கி, கம்பைலரில் (மூலநிரலைக் கணினி ஓட்டக்கூடிய நிரலாக மாற்றும் கருவி) தொடங்கி கெர்னல் (வன்பொருளை நேரடியாக இயக்கும் மையப் பகுதி) வரை முழுதாகக் கட்டிப் பார்க்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு எங்கள் முதல் பரிந்துரை நெட்பிஎஸ்டி என்ற யூனிக்ஸ் வகைத் திறமூல இயங்குதளம். மூலநிரல் மரத்தின் (மூலநிரல் டைரக்டரிகளின் முழு அடுக்கு) உச்சியில் உள்ள பில்ட்.எஸ்எச் என்ற ஷெல் ஸ்கிரிப்ட்தான் அதற்குக் காரணம். 2002-ல் வந்த 1.6 பதிப்பிலிருந்து அது உடன் வருகிறது. உபுண்டு ஓடும் லேப்டாப்பில், ரூட் (நிர்வாகி) கடவுச்சொல்லே இல்லாமல், ராஸ்பெர்ரி பை 3-க்கான இமேஜ் வரை கட்டி முடித்துவிடலாம்.

இது நம்பகமாக இருப்பதற்குக் காரணம், உங்கள் கணினியில் உள்ள எதையும் அது பெரிதாக நம்புவதில்லை. உங்களிடமிருந்து அதற்குத் தேவை ஒரு சி கம்பைலர், ஒரு சி++ கம்பைலர், ஒரு ஷெல், வழக்கமான யூனிக்ஸ் கட்டளைகள், அவ்வளவுதான். அவற்றைக் கொண்டு முதலில் தனக்கான மேக் (கட்டும் படிகளை நடத்தும் கருவி), ஜிசிசி (கம்பைலர்), லிங்கர் (கட்டிய துண்டுகளை ஒன்றாக இணைக்கும் கருவி) எல்லாவற்றையும் மரத்தில் உள்ள நிரலிலிருந்தே கட்டிக்கொள்ளும். பிறகு அந்தக் கருவிகளை வைத்தே இயங்குதளத்தைக் கட்டும். உங்கள் லினக்ஸ் டிஸ்ட்ரோவில் ஜிசிசி எந்தப் பதிப்பு என்பது முதல் கட்டத்தோடு முடிந்துபோகிற விஷயம்.

மரம் அடுக்கப்பட்டிருக்கும் விதமும் பாராட்டத்தக்கது. பின், எஸ்பின், லிப் போன்ற டைரக்டரிகள், நிறுவிய கணினியில் எந்தப் பெயரில் இருக்குமோ அதே பெயரில் மரத்திலும் இருக்கின்றன. கேட் கட்டளையின் நிரலைத் தேட வேண்டுமென்றால் பின் டைரக்டரிக்குள் போனால் போதும். அதன் மேக்ஃபைலும் (மேக் கருவிக்கான குறிப்புக் கோப்பு) சில வரிகள்தான்: நிரலின் பெயர், பொது விதிகளைச் சேர்க்கும் ஒரு வரி. அந்தப் பொது விதிகள் எல்லாம் ஷேர் டைரக்டரிக்குள் எம்கே என்ற ஒரே இடத்தில் இருக்கின்றன. கெர்னல் 'சிஸ்' டைரக்டரியில் இருக்கிறது. அதற்குள் வன்பொருள் வகைக்கு மட்டுமே உரியது 'ஆர்ச்' பக்கம், எல்லா வகைக்கும் பொதுவான டிரைவர்கள் 'டெவ்' பக்கம். ஒரு பிசிஐ நெட்வொர்க் டிரைவரை ஒருமுறை எழுதினால் இன்டெல், ஆர்ம், ஸ்பார்க் என்று பல செயலி வகைகளிலும் அதே கோப்பு ஓடுவதற்கு இந்தப் பிரிப்பு அடித்தளம்.

வெளியிலிருந்து எடுத்த மென்பொருளை 'எக்ஸ்டர்னல்' டைரக்டரியில் உரிம வாரியாகப் பிரித்திருப்பதுதான் எங்களுக்கு மிகவும் பிடித்தது. பிஎஸ்டி உரிமத்துக்கு ஒரு டைரக்டரி, ஜிபிஎல் 2 உரிமத்துக்கு ஒன்று, ஜிபிஎல் 3-க்கு இன்னொன்று. தன் கருவியில் நெட்பிஎஸ்டியைப் போட்டு விற்க நினைக்கும் நிறுவனம், எந்தப் பகுதிக்கு எந்த உரிமம் என்பதை டைரக்டரிப் பெயரிலேயே படித்துவிடலாம்.

இனி கட்டும் முறை. இங்கே சொல்வது 10-ஆம் பதிப்புக் கிளைக்கு. மூலநிரலை 'எஸ்ஆர்சி' என்ற டைரக்டரியில் இறக்கி, அதற்கு வெளியே பக்கத்திலேயே 'ஓபிஜே' என்று ஒன்றை உருவாக்குங்கள். பெரிய ஓ கொடியில் (-O; கொடி என்பது கட்டளையோடு சேர்க்கும் ஒற்றை எழுத்துக் குறி) அந்த இடத்தையும், பெரிய டி கொடியில் கருவிகளுக்கான இடத்தையும் கொடுங்கள். பெரிய யூ கொடி ரூட் இல்லாமல் கட்டுவதற்கு, சிறிய எம் வன்பொருள் வகைக்கு, சிறிய ஜே இணையாக ஓடும் வேலைகளின் எண்ணிக்கைக்கு. முதலில் 'ஷோ-பாராம்ஸ்' கொடுத்துப் பாருங்கள். எதையும் கட்டாமல், எந்த அமைப்போடு கட்டப் போகிறது என்பதை மட்டும் காட்டும். சரியாக இருந்தால் கருவிகளைக் கட்ட 'டூல்ஸ்', அது முடிந்ததும் முழு வெளியீட்டையும் கட்ட 'ரிலீஸ்'. கெர்னல் மட்டும் போதுமென்றால் டூல்ஸுக்குப் பிறகு 'கெர்னல்=ஜெனரிக்' (ஜெனரிக் என்பது பொதுவான கெர்னல் அமைப்புக் கோப்பு). சொந்த கெர்னல் வேண்டுமென்றால் ஜெனரிக் கோப்பை நகலெடுத்துத் திருத்தாதீர்கள். புதிய கோப்பில் ஜெனரிக்கை 'இன்க்ளூட்' செய்து, வேண்டாத டிரைவர்களை 'நோ' வரிகளால் நீக்குங்கள். நெட்பிஎஸ்டி திட்டம் ஜெனரிக்கில் செய்யும் மாற்றங்கள் தானாகவே வந்து சேரும்.

64 பிட் ஆர்முக்கு சிறிய எம் கொடியில் 'எவ்பிஆர்ம்' என்று மட்டும் கொடுத்தால் போதாது. சிறிய ஏ கொடியில் 'ஏஆர்ச்64' என்றும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு வன்பொருள் வகைக்கும் தனி ஓபிஜே டைரக்டரி வையுங்கள். ஒன்றையே இரண்டுக்கும் பயன்படுத்தினால், ஒரு வகைக்குக் கட்டிய ஆப்ஜெக்ட் கோப்பை (கம்பைலர் தரும் இடைநிலைக் கோப்பு) இன்னொன்றின் லிங்கர் எடுத்துக்கொண்டு, புரியாத பிழையோடு நிற்கும்.

வட்டில் 20 ஜிபி காலியாக இருக்கட்டும். ஒரு இணை வேலைக்கு 1 ஜிபிக்குக் குறையாமல் ரேம் கணக்கிடுங்கள். ஜிசிசியின் சி++ கோப்புகள் வரும்போது நினைவகம் போதாமல் கம்பைலர் கொல்லப்பட்டால், ஜே எண்ணைக் குறைத்து மறுபடி ஓட்டுங்கள். ஆப்பிளின் மேக் கணினியில் கட்டுபவர்கள், பெரிய எழுத்து சிறிய எழுத்தை வேறுபடுத்தும் தனி வட்டுப் பகுதியை முதலில் உருவாக்கிக்கொள்ள வேண்டும்.

இணையாகக் கட்டும்போது பிழைச் செய்தி நடுவில் எங்கோ புதைந்துவிடும். கடைசி வரியைப் பார்த்துப் பயனில்லை. வெளியீடு முழுவதையும் ஒரு கோப்பில் சேமித்து, மூன்று நட்சத்திரக் குறி முதன்முதலாக வரும் இடத்தைத் தேடி, அதற்கு மேலே படியுங்கள்.

குறை என்று சொன்னால், மறுமுறை கட்டும்போதுதான். சிறிய யூ கொடி பழையதை அழிக்காமல் மாறியதை மட்டும் கட்டும். அன்றாடத் திருத்தங்களுக்கு அது அருமை. ஆனால் மரத்தில் ஜிசிசியே புதிய பதிப்புக்கு மாறியிருந்தால், பழைய ஆப்ஜெக்ட் கோப்புகளோடு அது மோதும். அதனால்தான் மரத்தின் உச்சியில் 'அப்டேட்டிங்' என்ற கோப்பு இருக்கிறது: எந்தத் தேதி மாற்றத்துக்கு எந்த டைரக்டரியைக் கையால் அழிக்க வேண்டும் என்று அதில் இருக்கும். இதை ஸ்கிரிப்டே கண்டுபிடித்துச் செய்யக் கூடாதா என்று கேட்பது நியாயம்தான்.

புதியவர்களைத் திகைக்க வைப்பது 'செட்' (வெளியீட்டின் கோப்புத் தொகுப்பு) பட்டியல் சோதனை. நிறுவப்படும் ஒவ்வொரு கோப்பும் 'டிஸ்ட்ரிப்' டைரக்டரியில் உள்ள பட்டியல்களில் இருக்க வேண்டும். நீங்கள் ஒரு நிரலைச் சேர்த்துப் பட்டியலில் எழுத மறந்தால், எல்லாம் கட்டி முடித்த பிறகு, கடைசியில் நின்றுவிடும். பட்டியலில் இருந்து கோப்பு இல்லாமல் போனாலும் அப்படியே. எரிச்சலாக இருக்கும், ஆனால் எந்தக் கோப்பு என்று பெயரோடு சொல்லிவிடும். தவறிய கோப்பு வெளியீட்டில் போய்ச் சேராமல் காப்பதும் இந்தச் சோதனைதான். இதை அணைக்க வழி தேடாமல் பட்டியலைத் திருத்துங்கள். இதோடு ஒட்டிய இன்னொன்று: ரூட் இல்லாமல் கட்டும்போது கோப்புகளின் உரிமையாளர் விவரம் 'மெட்டாலாக்' என்ற கோப்பில் பதிவாகிறது. கட்டியவை வந்து சேரும் டெஸ்ட்டிர் டைரக்டரிக்குள் கை வைத்து ஏதாவது அழித்தால் பதிவும் உண்மையும் பொருந்தாமல் போகும். அழிப்பதானால் டெஸ்ட்டிர் முழுவதையும் அழியுங்கள்.

பெரிய பி கொடி தனியாகச் சொல்லத் தக்கது. மூலநிரலின் நேரத்தையே கட்டிய நேரமாக வைத்து, இரண்டு பேர் வெவ்வேறு கணினியில் கட்டினாலும் பைட்டுக்குப் பைட் ஒரே விளைவு வரச் செய்கிறது. ஏஎம்டி64, ஸ்பார்க்64 என்ற வன்பொருள் வகைகள் இரண்டும் முழுமையாக அப்படிக் கட்டக் கூடியவை என்று 2017-லேயே திட்டம் அறிவித்தது.

கட்டியதை ஓடும் நெட்பிஎஸ்டி கணினியில் ஏற்றும்போது வரிசை மாறக் கூடாது. முதலில் புதிய கெர்னலும் அதன் மாட்யூல்களும், பிறகு ரீபூட், அதன் பிறகே மற்ற நிரல்களை நிறுவும் 'இன்ஸ்டால்=/'. பழைய நிரல்கள் புதிய கெர்னலில் ஓடும். புதிய நிரல்கள் பழைய கெர்னலில் ஓடும் என்று எந்த உறுதியும் இல்லை. கடைசியாக 'போஸ்ட்இன்ஸ்டால்' கட்டளையை ஓட்டி, அமைப்புக் கோப்புகள் உள்ள ஈடிசி டைரக்டரியில் எது பழையதாகக் கிடக்கிறது என்று பார்த்துச் சரிசெய்யுங்கள்.